அந்நியர் யுத்தமும் உள்நாட்டுப் பூசலும்

ஒரு தேசம் விடுதலை பெற்ற தினத்தைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்துக் கொண்டாடலாம். அது தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்ட தினத்தை அவ்வாறு குறிப்பது எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடு 1776-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1783-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டிஷ் மன்னரும் அதனை ஒப்புக்கொண்டார். ஆயினும் அதற்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் வரையில் டெட்ராய்ட், நயாகரா முதலிய எல்லைக் கோட்டைகளில் பிரிட்டிஷ் பட்டாளமே குடியிருந்தது. உடன்படிக்கையில் கிடைத்த சுதந்திரம் எல்லைப்புறத்தை எட்டவில்லை.

அமெரிக்கச் சரித்திரத்தில் சுதந்திர யுத்தத்தைப் புகழ்வோர் பலர். நாமோ 1793 முதல் 1801 வரையுள்ள எட்டு ஆண்டுகளே தேசத் தொண்டர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி என்போம். பகைவனை வெளியேற்றிய பிறகு, பகைவனையும் நண்பனையும் ஒருங்கே எட்டத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவ்வாண்டுகள் காட்டுகின்றன.

1793-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரெஞ்சுக் குடியரசுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டது. அமெரிக்கருக்கு அது எங்கோ கேட்கும் இடிமுழக்கமாக இருக்கவில்லை. 1778-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் பிரான்ஸுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். அந்நாட்டின் படையும் கப்பல்களும் துணை நில்லாவிடில் யார்க்டவுன் வெற்றி ஏது? மற்றொருபுறம், புதிய சர்க்காரின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதித் தீர்வையாலேயே கிடைத்தது. இறக்குமதியான சரக்கில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. செய்ந்நன்றி ஒரு பக்கம் இழுக்க, ஜீவனம் மறுபக்கம் இழுத்தது. அயல்நாட்டு மந்திரி ஜெபர்ஸனைச் சார்ந்தோர் பிரான்ஸின் மீதும், பொக்கிஷ மந்திரி ஹாமில்டனைச் சார்ந்தோர் இங்கிலாந்தின் மீதும் பற்றுக்கொண்டனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அன்றைய கூத்தாடிகள் இருவர், இருவரும் வல்லரசர்.

ஜனாதிபதி வாஷிங்டன் அவ்வாண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி, அமெரிக்கா இரு தரப்பாரிடத்தும் பட்சபாதமின்றி நடந்துகொள்ளும் என்று பிரகடனம் செய்தார். அதற்குச் சில தினங்களுக்கு முன்னரே பிரெஞ்சுத் தூதர் ஜெனே சார்லஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கியிருந்தார். ஜனங்கள் அவரை மாலை மரியாதையோடு வரவேற்றனர். அவரோ அமெரிக்கத் துறைமுகங்களிலேயே கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டி, பிரிட்டிஷ் கப்பல்களைக் கைப்பற்ற அனுப்பலானார். தடுத்தபோது, ஜனாதிபதியை விட்டு நேரே ஜனங்களிடமே முறையிடுவேன் என்று மிரட்டினார். பிரான்ஸின் பரம நண்பரான ஜெபர்ஸனும் இதைப் பொறுக்கவில்லை. ஜெனேயைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டுமென்று மந்திரிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்மானித்தனர். கொள்கையில் நட்பு வேறு, வீட்டுக்குள் வந்து அதிகாரம் செலுத்த விடுவது வேறு என்பதை ஜெபர்ஸன் அறிந்திருந்தார். இதனை நாம் அவருடைய பெருமைகளுள் ஒன்றாகக் கருதுகிறோம்.

இங்கிலாந்தின் கொடுமையும் குறைந்ததன்று. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் சென்ற அமெரிக்க வியாபாரக் கப்பல்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவற்றைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துக்கொண்டது. மாலுமிகளை வலிந்து இழுத்துச்சென்று தன் கப்பல்களில் ஊழியம் செய்வித்தது. யுத்தத்தைத் தவிர்க்கத் தலைமை நீதிபதி ஜான் ஜே லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1794-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் எல்லைக் கோட்டைகள் மீண்டன. மாலுமிகளை இழுத்துச் செல்லும் வழக்கத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. நாடெங்கும் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. நியூயார்க்கில் அதை ஆதரித்துப் பேச எழுந்த ஹாமில்டன்மீது கல் வீசினர். செனெட் சபையில் ஆதரவு 20, எதிர்ப்பு 10. மூன்றில் இரு பங்குக்கு ஒரு வாக்குக்கூட மிச்சமில்லை.

இவ்வுடன்படிக்கையின் 13-வது ஷரத்து நம்மவர் கவனத்துக்குரியது. கிழக்கிந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து வியாபாரம் செய்யலாம் என்று அது அனுமதித்தது. அத்துறைமுகங்கள் எந்த ஜனங்களின் நாட்டில் இருந்தனவோ, அந்த ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. தன் வீட்டு வாசலைத் திறக்கவும் மூடவும் அதிகாரமில்லாத தேசத்தின் கதி இதுதான். அக்கதி தமக்கு மீண்டும் வரலாகாதென்றே வாஷிங்டன் அந்தக் கசப்பு மருந்தை விழுங்கினார்.

அவர் செய்தது கோழைத்தனமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. வேரூன்றாத செடி புயலோடு மல்லுக்கு நிற்கலாகாது. 1790-ஆம் ஆண்டில் சுமார் 39 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1810-ஆம் ஆண்டில் 72 லட்சமாயிற்று. 1812-ஆம் ஆண்டில் இங்கிலாந்தோடு யுத்தம் வந்தே தீர்ந்தது. 1814-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை தலைநகருக்கே தீ வைத்தது. அப்போதும் குடியரசு சாயவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீ பற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்?

1796-ஆம் ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் தம் ஜனங்களிடம் விடைபெற்றபோது, ஒரு நாட்டின்மீது தீராத பகையும் மற்றொரு நாட்டின்மீது தீராத மோகமும் கொண்ட தேசம் ஒருவகையில் அடிமையே என்று எச்சரித்தார். வள்ளுவர் பெருமான் பகையைப் பற்றிக் கூறியதோடு நில்லாமல் உட்பகைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதன் உண்மையை அமெரிக்கர் அடுத்த இரண்டாண்டுகளிலேயே கண்டனர்.

ஜே உடன்படிக்கையால் சினங்கொண்ட பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பறிக்கத் தொடங்கியது. சமாதானம் பேசப் பாரிஸுக்குச் சென்ற மூன்று தூதர்களிடம், மந்திரி டாலிராண்டின் ஆட்கள் 250,000 டாலர் லஞ்சமும் அதற்கு மேல் பெருந்தொகை கடனும் கேட்டனர். 1798-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானதும் நாடு கொதித்தெழுந்தது. அக்கொதிப்பு நியாயமானது. ஆனால் அதிகாரத்திலிருந்த கட்சியார் அதனை எதற்குப் பயன்படுத்தினர்? பிரஜா உரிமை பெற அந்நியர் காத்திருக்கவேண்டிய காலத்தை 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக நீட்டினர். ஜூலை 14-ஆம் தேதி ராஜத் துவேஷச் சட்டம் நிறைவேறியது. சர்க்காரையோ, காங்கிரஸ் மகாசபையையோ, ஜனாதிபதியையோ பொய்யாகவும் துவேஷத்துடனும் தூற்றினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. உதவி ஜனாதிபதிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்பதவியில் அப்போது இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவராகிய ஜெபர்ஸன்!

எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்க இச்சட்டம் இடங்கொடுத்ததே, ஜூரிகள் உண்டே என்று அதை ஆதரித்தோர் வாதாடினர். அபிப்பிராயத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு மெய்ப்பிப்பது? வெர்மாண்ட் பிரதிநிதி மாத்யூ லயன் ஜனாதிபதியைக் கண்டித்து எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரர், 'அரோரா' பத்திராதிபர், சட்டம் வருமுன்னரே கைதாகி, விசாரணைக்கு முன்பே மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். அந்நியரிடமிருந்து பயிரைக் காக்கவென்று போட்ட வேலி, பயிரையே மேயத் தொடங்கியது.

ஜனங்கள் விடை கூறத் தாமதிக்கவில்லை. லயன் சிறையிலிருக்கும்போதே அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அச்சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஆடம்ஸும் ஒரு விஷயத்தில் நம் வணக்கத்திற்குரியவர். தம் கட்சியாரில் பலர் யுத்தத்தை விரும்பி நிற்க, 1799-ஆம் ஆண்டில் மந்திரிகளையும் கலக்காமல் பிரான்ஸுக்குச் சமாதானத் தூதரை நியமித்தார். 1800-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி ஏற்பட்ட ஒப்பந்தத்தால் 1778-ஆம் ஆண்டுக் கட்டு அவிழ்ந்தது. அவர் கட்சி பிளந்தது. தேர்தலில் அவரும் தோற்றார். பதவி போயிற்று, தேசம் பிழைத்தது.

1801-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி ராஜத் துவேஷச் சட்டம் காலாவதியாயிற்று. மறுநாள் ஜெபர்ஸன் பதவியேற்றார். பிரான்ஸின் கையாள் என்று தூற்றப்பட்ட அவர், எந்நாட்டோடும் சிக்கலான கூட்டு வேண்டாமென்று தம் முதல் உரையிலேயே அறிவித்தார். அச்சட்டத்தால் தண்டிக்கப்பட்டோரை மன்னித்தார். ஒரு துப்பாக்கியும் வெடியாமல் ஆட்சி கட்சி மாறியது.

இக்குடியரசைக் குறையற்றதென்று நாம் கூறவரவில்லை. அந்த 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். நிலத்தின் பழங்குடிகளோ தம் பூமியிலிருந்தே துரத்தப்பட்டனர். அவர்களுக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை, அந்த நடுநிலைமையும் இல்லை. பின்னர் அத்தேசம் உள்நாட்டு யுத்தத்தில் அதற்குரிய விலையை இரத்தத்தால் கொடுத்தது.

ஆயினும் பாடம் தெளிவானது. வல்லரசுகள் சண்டையிடும் காலத்தில், புதிய தேசத்தின் கட்சிகள் அவற்றின் கட்சிகளாகிவிடலாகாது. எதிர்க்கட்சிக்காரனை அந்நியனின் ஒற்றன் என்று எளிதில் தூற்றலாகாது. அந்நிய பயத்தைக் காட்டிப் பத்திரிகையின் வாயை அடைக்கலாகாது. வெளியாருக்குப் பணியாத முதுகெலும்பும், உள்ளாரின் கண்டனத்தைப் பொறுக்கும் நெஞ்சும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும், வெளியேறிய எஜமானன் வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வருவான்.