கண் அழுத்தமும் கைமருந்தும்

வயது போனால் பார்வை மங்கும் என்று சொல்லிப் பலர் பேசாதிருந்து விடுகின்றனர். இந்த அலட்சியத்தால் மிகுந்த கேடு விளைவது குளுக்கோமா எனும் கண் அழுத்த நோயிலேயாகும்.

கண்ணினுள் ஊறும் நீர் வடிந்து செல்லும் வழி தடைப்படும்போது அழுத்தம் கூடுகிறது. கண் நரம்பு சிறிது சிறிதாகப் பழுதடைகிறது. பெரும்பாலும் நோவில்லை, சிவப்பில்லை. முதலில் போவது பக்கப் பார்வை. கண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கிப் பார்வை பெறலாம். குளுக்கோமாவால் இழந்த பார்வையை எவராலும் மீட்டுத்தர முடியாது.

இதை இயற்கை முறையில் குறைக்க முடியாதா என்று எம்மவர் கேட்பது நியாயமே. நாள்தோறும் வேகமாக நடப்பது அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். கீரை வகை உடலுக்கு நன்று. புகைத்தலைக் கைவிடுவதும் நன்று. மூச்சை அடக்கி மூடை தூக்குவதும், தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் அழுத்தத்தைக் கூட்டுவன. ஆனால், இவை துணையே அன்றி மருந்தாகா. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் என்பவற்றைக் கண்ணில் விடுவதால் அழுத்தம் குறையாது; கிருமி தொற்றக்கூடும்.

அழுத்தம் கூடியிருந்தும் நோய் தொடங்காதவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் சொட்டு மருந்து விடாதோரில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், விட்டோரில் 4.4 பேருக்கும் நோய் தொடங்கியது. அழுத்தம் கூடிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் மருந்து ஆபத்தைப் பாதியாக்குகிறது.

இடம்பெயர்ந்தோருக்கு இதில் தனிச்சிக்கல் உண்டு. இடம் மாறும்போது கிளினிக் தொடர்பு அறுந்து போகிறது. மருந்து முடிந்ததும் "இப்போது சுகந்தானே" என்று விட்டுவிடுகிறோம். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொத்தி வைக்கும் அதே பையில் கிளினிக் கொப்பியும் இருக்க வேண்டும் என்பதே எமது கருத்து. விட்டு வந்த காணிக்கு ஒருநாள் திரும்பலாம். போன பார்வை திரும்பாது.

எனவே, நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும், நீரிழிவு உள்ளோரும் அரச வைத்தியசாலையில் கண்ணைச் சோதிப்பிக்க வேண்டும். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நோய் வருவதுண்டு. ஆகையால் கண் நரம்பையும் பார்க்கும்படி கேளுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில சொட்டு மருந்துகள் அவர்களுக்கு ஆகாதவை.

கிளினிக் நாளில் ஒரு நாட்கூலி போகும் என்பதை நாம் அறிவோம். ஊர்ச் சங்கங்கள் நாலைந்து பேரை ஒன்றாக அனுப்ப ஒழுங்கு செய்தால் அந்தச் சுமை குறையும். அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசித் தீர்மானியுங்கள்.