ஊதுபத்தியும் ரெக்கார்டு நோட்டும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் திடீரென்று பக்தி அதிகமானால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா, சந்தேகப்படுவீர்களா?

என் நண்பர் சந்தோஷப்பட்டார். அவருடைய பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். பல வருஷமாகக் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவன், தன் அறையில் காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்ற ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. "ரங்கநாதர் அவனுக்குக் கண்ணைத் திறந்துட்டார்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்துப் போனார். மூன்று மாதம் கழித்து உண்மையில் கண்ணைத் திறந்துவிட்டவர் ஓர் எலெக்ட்ரீஷியன். ஒயரிங் பார்க்க வந்தவர் துணி அலமாரியைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில், "சார், இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அலமாரியில் துணி இல்லை. ஒரு எல்.இ.டி. விளக்கு, இரண்டு பெயின்ட் வாளி, ஆளுக்கொரு செடி. கஞ்சா.

வாளிக்குப் பின்னால் ஒரு நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, தண்ணீர் ஊற்றிய நேரம், உயரம், இலையின் நிறம் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தான். கடைசிப் பத்தியில் வாசனைக்கு மார்க். ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு நாலு. பக்கத்தில் அன்றைக்கு எத்தனை ஊதுபத்தி என்ற கணக்கு. நண்பர் எனக்குப் போன் செய்து சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "காலேஜ் ரெக்கார்டு நோட்டைக்கூட இவன் இவ்வளவு சுத்தமா எழுதினதில்லடா!"

எந்தத் தெரு என்று சொல்லப் போவதில்லை. சித்திரை வீதியா, உத்திர வீதியா என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், நீங்கள் வீட்டு நம்பரோடு கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஊதுபத்தி ஏன் தோற்றது என்பதில் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. கஞ்சாவின் வாசனைக்கு டெர்பீன்கள்தான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2021ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நெடிக்குப் பின்னால் கந்தகச் சேர்மங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பூண்டு வாசனைக்குக் காரணமானவற்றின் நெருங்கிய சொந்தக்காரர்கள். கந்தக நெடியை நம் மூக்கு துளியூண்டு இருந்தாலும் பிடித்துவிடும். அதனால்தான் வாசனையே இல்லாத சமையல் கேஸில் வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கைக் கலக்கிறார்கள், கசிந்தால் தெரியட்டும் என்று. ஊதுபத்தி எந்த வாசனையையும் அழிப்பதில்லை. மேலே இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். கேஸ் கசியும் வீட்டில் ஊதுபத்தி ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால், ஐயா, ஊதுபத்தி ஏற்றியது அந்தப் பையன் மட்டும்தானா?

விஷயம் தெரிந்த அன்று ராத்திரி அந்த வீட்டில் எடுத்த முதல் முடிவு, ஜன்னலைச் சாத்துவது. இரண்டாவது, பையனைக் கொஞ்ச நாள் கும்பகோணத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்புவது. மூன்றாவது, யார் கேட்டாலும் 'மஞ்சள் காமாலை' என்று சொல்வது. டாக்டரிடம் போகலாம் என்ற யோசனை பதினோராவது நாள்தான் வந்தது. அதுவரை வீட்டில் இன்னும் அதிகமாகச் சாம்பிராணி போட்டார்கள். போட்டது இந்தத் தடவை பெற்றவர்கள்.

கல்லூரியிலும் விசாரித்தோம். "எங்க கேம்பஸ்ல அந்தப் பிரச்னையே கிடையாது சார்" என்றார்கள். கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது. அது கல்லூரி ஊதுபத்தி.

அரசாங்கத்துக்கும் ஒரு ஊதுபத்தி உண்டு. அதன் பெயர் புள்ளிவிவரம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' ஆரம்பித்தது. பிறகு 2.0, 3.0 என்று செல்போன் மாடல் மாதிரி வரிசையாக வந்தது. வேட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல் என்பது கொட்டை எழுத்தில் வருகிறது. அதில் எத்தனை வழக்கு நிரூபணமானது, எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதை அதே கொட்டை எழுத்தில் நான் படித்ததில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்களா?

கணக்கு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எலி சாட்சி. 2020ல் சென்னையில் 22 கிலோ கஞ்சாவோடு இரண்டு பேரைப் பிடித்தார்கள். 2023 ஜூலையில் வழக்கு முடிந்தபோது சரக்கைக் கொண்டுவரச் சொன்னால், மாதிரிக்கு எடுத்தது போக மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்றார்கள். இரண்டு பேரும் விடுதலை. இதில் தமிழ்நாடு தனியாக வெட்கப்பட வேண்டாம். அதற்கு முந்தைய வருடம் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில் எலிகள் தின்றதாகச் சொல்லப்பட்ட கணக்கு 581 கிலோ! அந்த எலிகளுக்கு யாராவது மறுவாழ்வு மையம் தொடங்கியிருந்தால் தெரியப்படுத்தவும்.

சிரித்து முடித்தாயிற்றா? இப்போது யோசியுங்கள். அந்த இரண்டு பேரும் குற்றவாளிகள் என்றால், ஒரு நோட்டுப் புத்தகம் ஒழுங்காக இல்லாததால் தப்பித்துவிட்டார்கள். நிரபராதிகள் என்றால், அதே நோட்டுப் புத்தகத்தால் மூன்று வருடம் வழக்கில் அல்லாடியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று இனி யாருக்கும் தெரியாது. பறிமுதல் செய்த சரக்கை மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, மாதிரி எடுத்து, மிச்சத்தை அழிக்க வேண்டும் என்று போதைப்பொருள் சட்டத்தில் 52ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. 2016 ஜனவரியில் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் (நடிகர் இல்லை, வேறு மோகன்லால்) இதை அழுத்தந்திருத்தமாகச் சொன்னது. சரக்கு வைக்கப் பாதுகாப்பான கிடங்கு கட்டவும் உத்தரவு போட்டது. எலி அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை என்று தெரிகிறது.

சரி, ஸ்ரீரங்கத்து அலமாரிக்கு வருவோம். திருச்சி கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணும் ஒரு வக்கீல் நண்பரிடம் பெயர் சொல்லாமல் விவரம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1985ல் வந்த இந்தச் சட்டப்படி, ஒரு பையன் ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடித்ததற்கு மட்டும் என்றால் அதிகபட்சம் ஆறு மாதம். ஆனால் செடி வளர்த்தால்? பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வளர்ப்புக்கு 'சிறிய அளவு' என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. மலைச்சரிவில் ஏக்கர் கணக்கில் பயிரிட்ட மொத்த வியாபாரியும், பெயின்ட் வாளியில் இரண்டு செடி வைத்த இருபது வயசுப் பையனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். தெருமுனையில் வாங்கியிருந்தால் ஒரு வருடம், வீட்டில் வளர்த்தால் பத்து வருடம் வரை என்றால், சட்டம் பையனிடம் என்ன சொல்கிறது? 'தம்பி, நீயே வளர்க்காதே, வியாபாரியிடமே போய் வாங்கிக்கொள்' என்கிறது. இதைச் சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அர்த்தம் அதுதான்.

உடனே எனக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள். கஞ்சாவைக் கடையில் விற்கச் சொல்லவில்லை. "அந்தக் காலத்துச் சாமியார்கள் குடிக்கலையா, வெள்ளைக்காரனே கமிஷன் போட்டு நல்லதுன்னு சொன்னானே" என்று வாதாடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தக் கமிஷன் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் நோட்டுப் புத்தகக் கதைதான். 1893ல் பிரிட்டிஷ் அரசு ஏழு பேர் கொண்ட கமிஷனை நியமித்தது. அவர்கள் ஊர் ஊராகப் போய் 1193 சாட்சிகளை விசாரித்து, 1894ல் ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தார்கள். கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு ஆதாரமாக மனநல மருத்துவமனைப் பதிவேடுகளைக் காட்டினார்கள். 1892ல் மட்டும் 222 பேருக்குக் 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொரு கேஸாகத் தோண்டியது. பலருக்கு அந்தக் காரணத்தை எழுதியது டாக்டர் இல்லை. பிடித்துக்கொண்டு வந்த போலீஸ் சொன்னது அப்படியே பதிவேட்டில் ஏறியிருந்தது. தோண்டி முடித்தபோது 222 பேர் 98 ஆகிவிட்டார்கள். அளவாகக் குடித்தால் பெரிய கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்து என்றது கமிஷன். (வரி வருமானத்தில் துரைமார்களுக்கு அக்கறை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.)

ஆனால் அந்தக் கஞ்சா வேறு, இன்றைய கஞ்சா வேறு. போதை தரும் டி.எச்.சி. என்ற சரக்கு, அமெரிக்காவில் பறிமுதல் செய்த மாதிரிகளில் 1995ல் சுமார் நாலு சதவிகிதம். இப்போது பதினைந்தைத் தொட்டுவிட்டது. அறைக்குள் விளக்கு போட்டு, மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்க்கும் 'ஹைட்ரோபோனிக்' சரக்கு அதற்கும் மேலே போகிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. வீதிக்கு வீதி கடை வந்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்று திரும்ப இறுக்கியது. இடைப்பட்ட காலத்தில் பாங்காக் சரக்கு நம் திருச்சி விமான நிலையத்திலேயே பயணிகளின் பெட்டிகளில் பிடிபட்டது. வளர்கிற வயசில் மூளைக்கு இது ஆகாது, சிலருக்கு மனச்சிதைவு வரை கொண்டுபோய் விடும் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை. 1894 அறிக்கையைக் காட்டி 2020களின் சரக்குக்கு நற்சான்றிதழ் வாங்க முடியாது.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். மூக்கைப் பொத்திக்கொள்வதை நிறுத்திவிட்டுக் கணக்கை எழுதுங்கள். அன்று ஏழு பேர் செய்ததை, இன்று கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நம்மால் செய்ய முடியாதா? ஒவ்வொரு மாவட்டத்திலும் பிடித்தது எவ்வளவு, அழித்தது எவ்வளவு, மிச்சம் எங்கே என்று மாதாமாதம் வெளியிடட்டும். வியாபாரத்துக்கு வளர்க்கிறவனையும் வாளியில் வளர்க்கிறவனையும் சட்டம் பிரித்துப் பார்க்கட்டும். முக்கியமாக, 64ஏ என்ற பிரிவைப் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் பெரிதாக எழுதி வைக்கட்டும். போதைக்கு அடிமையானவன், குடித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் மாட்டினால், தானாக முன்வந்து அங்கீகாரமுள்ள மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால், அவன்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. பாதியில் ஓடிவந்தால் சலுகை போய்விடும். செடி வளர்த்தவனுக்கும் இந்தக் கதவு திறக்குமா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய சமாசாரம். ஆனால் இப்படி ஒரு கதவு இருப்பதே எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? 2019ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, கஞ்சா வகைகளால் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் இந்தியாவில் சுமார் 72 லட்சம். அத்தனை வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது நாள் தில்லைநகரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனார்கள். அவர் பையனைத் திட்டவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "செடிக்கு எழுதினியே, உனக்கு எழுதுவியா?" என்று கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை தடவை குடிக்கத் தோன்றியது, ஏன் தோன்றியது, அன்று யாரோடு சண்டை. அதே மாதிரி கோடு போட்டு. பெற்றவர்களுக்கும் தனி நோட்டு. அவர்கள் பையனை வேவு பார்க்க இல்லை. தாங்கள் அன்றைக்கு எத்தனை தடவை கத்தினோம் என்று எழுத!

செடி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். வாடிவிட்டது. பையன் இன்னும் முழுசாக மீளவில்லை. இரண்டு முறை சறுக்கினான். இரண்டையும் அவனே தேதி போட்டு எழுதியிருக்கிறான். போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. காவிரிக் காற்றோடு பக்கத்து வீட்டு வெங்காய சாம்பார் வாசனை வந்தது. சாம்பிராணியைக் காணோம்.

உங்கள் வீட்டில் ஊதுபத்தி வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தால், பையனை அடிக்க ஓடாதீர்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்று அரசாங்க இலவச நம்பர் இருக்கிறது, பேசுங்கள். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் பையன் செய்ததை எழுத வேண்டாம். விஷயம் தெரிந்த பிறகு நீங்கள் எத்தனை நாள் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள்.