சேரியை அளக்காத கணக்கு யாருடைய கணக்கு?

தமிழ்நாட்டில் வறுமை 2.2 விழுக்காடுதான் என்கிறது நிதி ஆயோக். 2023இல் அது வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டு அறிக்கையின் கணக்கு இது. 2015-16இல் 4.76 விழுக்காடாக இருந்தது, 2019-21இல் 2.20 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் 14.96. மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்லப்படும் எண் இது. இதைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், சத்துணவு, ரேஷன், ஆரம்ப சுகாதார நிலையம் என்று இந்த மண்ணில் நடந்த போராட்டங்களின் பலன் அதில் இருக்கிறது. நாம் கேட்பது வேறு: இந்த எண்ணுக்குள் நம் தெரு எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. அந்த அறிக்கையில் மாநிலத்துக்கு ஓர் எண் உண்டு, மாவட்டத்துக்கு ஓர் எண் உண்டு. அதோடு முடிந்தது. 2011 கணக்குப்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16.18 லட்சம் மக்கள். 13 ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள். அத்தனைக்கும் ஒரே எண். விராலிமலை ஒன்றியத்து ஆவூரில் இருக்கும் ஒரு மாணவி, "எங்கள் தெரு பக்கத்துத் தெருவைவிட எவ்வளவு பின்தங்கி இருக்கிறது?" என்று கேட்டால், அரசிடம் பதில் இல்லை. அது மாதிரிக் கணக்கெடுப்பு, மாவட்டத்துக்குக் கீழே இறங்க முடியாது என்பார்கள். அது உண்மைதான். அப்படியானால் கீழே இறங்கும் கணக்கை ஏன் உருவாக்கவில்லை என்பதற்கல்லவா அவர்கள் பதில் சொல்ல வேண்டும்?

செய்ய முடியாத வேலை இல்லை இது. இங்கிலாந்து செய்கிறது. அங்கே நாட்டையே சுமார் 1,500 பேர் வாழும் சிறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 2019 கணக்கில் அப்படி 32,844 பகுதிகள். வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டுவசதியும் சேவைகளும், வாழும் சூழல் என ஏழு தலைப்புகளில் 39 அளவீடுகள். வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 விழுக்காடு எடை. எல்லாவற்றையும் சேர்த்து, மிகவும் பின்தங்கிய பகுதி முதல் மிகவும் வசதியான பகுதி வரை வரிசைப்படுத்தி, யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் ஜேவிக் என்று ஒரு சிற்றூர். 2010, 2015, 2019, 2025 என்று நான்கு முறையும் அந்தப் பட்டியலின் முதலிடத்தில், அதாவது மிகவும் பின்தங்கிய இடமாக, அதன் ஒரு பகுதி வந்திருக்கிறது. பட்டியலில் வந்ததால் ஜேவிக்கின் வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த மக்களின் நிலை தெரியாது என்று அங்கே எந்த அமைச்சரும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அந்தக் குறியீட்டில் இனம் ஓர் அளவீடாக இல்லை. பின்தங்கிய பகுதியில் இருப்போர் எல்லோரும் ஏழைகள் அல்லர், ஏழைகள் எல்லோரும் பின்தங்கிய பகுதியில் மட்டும் இருப்பதில்லை என்று அதைத் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றைத்தான். அளக்கும் அலகு சிறியதாக இருக்க வேண்டும். அளந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

அலகு ஏன் முக்கியம்? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 400 வீடுகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஊர்த்தெருக்களில் 340 வீடுகள், சேரியில் 60. ஊரில் 330 வீடுகளுக்குக் குழாய் இருக்கிறது. சேரியில் 15 வீடுகளுக்கு மட்டும். மொத்தம் 345. ஊராட்சியின் கணக்கில் 86 விழுக்காடு வீடுகளுக்குக் குழாய் வந்தாயிற்று. பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைக்கலாம். சேரியின் கணக்கு 25 விழுக்காடு. அந்த 25ஐ விழுங்கித்தான் 86 உருவாகிறது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒரே ஊரல்ல. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துக் கட்டப்பட்டது. பிரித்துக் கட்டியதைச் சேர்த்து அளந்தால், பிரித்தவனுக்குத்தான் லாபம்.

இதில் பெரிய கொடுமை, நம்மிடம் தரவு இல்லை என்பதல்ல. இருக்கிற தரவை நமக்குத் தருவதில்லை என்பதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்படும் வட்டத்தில் சுமார் 650 முதல் 800 பேர் இருப்பார்கள். இங்கிலாந்தின் அலகில் ஏறக்குறைய பாதி! அந்த வட்டத்துக்கு அவர் வரைபடமும் போடுகிறார். 2011 வீட்டுப்பட்டியல் படிவத்தில் குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்ற கேள்வி இருந்தது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது வீட்டு வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா, கழிப்பறை உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விகளும் அதே படிவத்தில் இருந்தன. ஒரே வீட்டுக்கு ஒரே வரிசையில் சாதியும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டன.

வெளியிடும்போது என்ன நடந்தது? ஊர்வாரியாகப் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை. ஊர்வாரியாக எத்தனை வீட்டில் குழாய், எத்தனை வீட்டில் கழிப்பறை என்று வேறோர் அட்டவணை. அந்த ஊரில் எத்தனை பட்டியல் சாதி வீடுகளில் குழாய் இருக்கிறது என்பது மட்டும் இரண்டிலும் இல்லை. படிவத்தில் சேர்ந்திருந்ததை அச்சில் பிரித்துவிட்டார்கள். குடிநீர் போன்ற சில துறைகளிடம் குடியிருப்புவாரியான பட்டியல்கள் இருக்கின்றன. மின் இணைப்பு, ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை, பட்டா என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து, இந்தத் தெரு அந்தத் தெருவைவிட இவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று சொல்லும் ஒரு கணக்குதான் இல்லை.

சரி, தெருவரை இறங்கி அளந்துவிட்டால் போதுமா? போதாது. எதை அளக்கிறோம் என்பதும் கேள்விதான். இதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு, தலித் மக்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அடுத்த நாள் ஆட்சியர் நேரில் போனபோது இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் நுழையத் தடை என்று அடுத்தடுத்து வெளியே வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை என்று வந்து நின்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை; நாமும் ஏற்கவில்லை.

இப்போது நிதி ஆயோக்கின் அளவுகோலை வேங்கைவயலில் வைத்துப் பாருங்கள். குடிநீரைப் பற்றி அது கேட்பது இதுதான்: மேம்பட்ட நீராதாரம் இருக்கிறதா, போய்வர 30 நிமிடத்துக்குள் கிடைக்கிறதா? தொட்டி இருக்கிறது, குழாய் இருக்கிறது, நடக்கவே வேண்டாம். ஆகவே வேங்கைவயலுக்குக் குடிநீரில் குறை இல்லை! மொத்தம் 12 அளவீடுகள். ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, மகப்பேறு நலம், படித்த ஆண்டுகள், பள்ளி வருகை, எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமை, வங்கிக் கணக்கு. எல்லாமே தேவையானவைதான். ஆனால் எல்லாமே "இருக்கிறதா, இல்லையா" என்று மட்டுமே கேட்கின்றன. "யார் தடுக்கிறார்கள்?" என்று ஒன்றுகூடக் கேட்பதில்லை. நிலத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. சுடுகாட்டுப் பாதை இல்லை. கோயில் இல்லை, குவளை இல்லை. இல்லாமை வேறு, மறுக்கப்படுவது வேறு. இல்லாததைக் கொடுக்கத் திட்டம் போதும். மறுக்கப்படுவதைப் பெற, மறுப்பவனைப் பெயர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

ஆவூருக்குத் திரும்புவோம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபையினர் வந்து தளம் அமைத்த ஊர் அது. பெரியநாயகி மாதா ஆலயத்தால் பெயர் பெற்றது. இப்படிப்பட்ட பழைய கிறிஸ்தவ வட்டாரங்களில் கணக்கு இன்னொரு விதமாகவும் பொய்க்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதே தெரு, அதே கூலி. ஞானஸ்நானம் பெற்ற வீடு மட்டும் பட்டியல் சாதிக் கணக்கில் இல்லை. மாதா கோயிலுக்குப் போனதால் சாதி விட்டுவிட்டதா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் எழுப்பிய சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். இந்தச் சிக்கலை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். கிறிஸ்தவ தலித் குடும்பங்களை விட்டுவிட்டு எண்ணினால், ஒரு சேரியே ஆள் குறைந்து தெரியும். ஆள் குறைந்தால் நிதி குறையும்.

நிதி எப்படிப் போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2009-10இல் பிரதமரின் முன்மாதிரி கிராமத் திட்டம் வந்தபோது, பட்டியல் சாதியினர் பாதிக்கு மேல் உள்ள ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் நாம் சிறுபான்மை. அப்படிச் சிறுபான்மையாக, சாதி இந்துக்களின் நிலத்தையும் கடையையும் நம்பி வாழும் இடத்தில்தான் ஒடுக்குமுறை கழுத்தை நெரிக்கிறது. அந்தச் சேரிகள் திட்டத்தின் கண்ணில் படவே இல்லை. ஊரை அலகாக எடுத்ததால் வந்த வினை இது.

"தெருவாரியாகச் சாதிக் கணக்கை வெளியிட்டால் அந்தத் தெருவுக்குக் களங்கம் ஆகாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. வரவேற்கிறோம். இழிவான பெயரைச் சுமக்க எந்தத் தெருவும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஆனால் பலகையில் பெயர் மாறுவதால் தண்ணீர் வராது. பழைய பெயர் இருந்தவரை, "காலனிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கவாவது ஒரு பிடி இருந்தது. பெயரும் போய், தனிக் கணக்கும் இல்லை என்றால், அந்தத் தெரு ஆவணத்திலிருந்தே காணாமல் போய்விடும். பெயரை நீக்குங்கள், கணக்கை நீக்காதீர்கள். களங்கம் என்று பயப்படுவோருக்கு இன்னொன்று: எது சேரி என்பது காவல் நிலையத்துக்குத் தெரியும், தேர்தல் முகவருக்குத் தெரியும், தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும். தெரியாதது போல் இருப்பது நிதி ஒதுக்கும் அட்டவணை மட்டும்தான். தனி ஆளின் பெயரோ வீட்டு எண்ணோ வெளியே வரக் கூடாது. தெருவின் நிலை வெளியே வர வேண்டும்.

இதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. எங்கே எவ்வளவு இடைவெளி என்று தெரியாமல் அந்தச் சட்டத்தின் பணம் எங்கே போய்ச் சேரும்? நாம் கேட்பவை நான்கு:

ஒன்று, வசதிகள் பற்றிய கணக்கெடுப்பு முடிவுகளை ஊர் அளவோடு நிறுத்தாமல் கணக்கெடுப்பு வட்டம்வரை, சாதிவாரியாக, ஆட்களின் அடையாளம் தெரியாத வகையில் வெளியிட வேண்டும்.

இரண்டு, மாநில அரசு தன் பதிவேடுகளைச் சேர்த்துக் குடியிருப்புவாரியான பின்தங்கல் குறியீட்டைத் தயாரித்து, செயல்திட்ட நிதியை அதன் வரிசைப்படி ஒதுக்க வேண்டும்.

மூன்று, நிலம், சுடுகாட்டுப் பாதை, பொதுவழி, கோயில் நுழைவு, தீண்டாமை வழக்குகள் ஆகியவை அந்தக் குறியீட்டின் அளவீடுகளாக இருக்க வேண்டும்.

நான்கு, கிறிஸ்தவ, முஸ்லிம் தலித் குடும்பங்களை அதில் தலித் குடும்பங்களாகவே எண்ண வேண்டும்.

அரசு செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுதப் படித்ததும், சைக்கிள் ஓட்டியதும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். எழுத்தைக் கைப்பற்றிய மண்ணில் எண்ணையும் கைப்பற்றலாம். கல்லூரித் தோழர்களே, உங்கள் ஊராட்சியின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தாள் போடுங்கள். குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் வருகிறது, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், எத்தனை விளக்கு எரிகிறது, வடிகால் எங்கே முடிகிறது, எத்தனை வீட்டுக்குப் பட்டா, பிணம் எந்த வழியாகப் போகிறது, ரேஷன் கடைக்கு எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் ஒரே கேள்விகள். தெருவாரின் சம்மதத்தோடு, பெண்களிடம் முதலில் கேட்டு எழுதுங்கள். அரசின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்து வருவதில் அந்தத் தாளை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால், மறுத்தது யார் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.