தருமபுரிக்கு எத்தனையாவது இடம்?

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே நம் துறை இளைஞர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், தருமபுரி இருக்கத் தகுந்த ஊர்தானா?" என்றார். இணையத்தில் தேடிப் பார்த்தாராம். சேலம் இருக்கிறது, வேலூர் இருக்கிறது, தருமபுரியைக் காணோம். "லிஸ்ட்லயே இல்ல சார்" என்றார், ஊரே இல்லாமல் போய்விட்டது போல.

அவர் பார்த்தது 2021 மார்ச்சில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வெளியிட்ட வாழ்க்கை எளிமைக் குறியீடு. மொத்தம் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ளவை 49, கீழே உள்ளவை 62. முதல் பிரிவில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. இரண்டாம் பிரிவில் சிம்லா முதலிடம், சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10. இதே குறியீடு 2018-இல் முதன்முதலாக வந்தபோது இந்தப் பிரிவினை இல்லை. அப்போது திருச்சி 12-ஆம் இடத்திலும் சென்னை 14-ஆம் இடத்திலும் இருந்தன. திருச்சிக்காரர்கள் அதைக் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

தருமபுரி தோற்றுப்போனதால் விடுபடவில்லை. அதைப் பந்தயத்துக்கே கூப்பிடவில்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்த ஊர்கள், தலைநகரங்கள், பத்து லட்சம் தாண்டியவை, இவற்றை வைத்தே பட்டியல் தயாரானது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியின் மக்கள் தொகை 68,619. பெருநகரக் கண்ணுக்கு இது சிற்றூர். பென்னாகரத்துக்காரருக்கு இதுதான் டவுன். இந்த எண்ணால் வருகிற நட்டம் பெயரோடு நிற்பதில்லை. நகரக் கட்டமைப்புக்காக 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டம் முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு லட்சம் மக்களைத் தாண்டிய ஊர்களுக்கே போனது. லட்சத்தைத் தொடாத ஊர்களில் மிகப் பல இரண்டாம் கட்டம் வரும்வரை வாசலில் நின்றன.

உலகப் பட்டியல்களின் கதை வேறு. எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களை வரிசைப்படுத்துகிறது. பாதுகாப்பு, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, கட்டமைப்பு என ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் கஷ்டப்படி கணக்குப் போட இந்த மதிப்பெண்தான் உதவுகிறது. எண்பதுக்கு மேல் என்றால் படி வேண்டாம், ஐம்பதும் அதற்குக் கீழும் என்றால் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்று அளவும் சொல்லிவந்தது. ஆக, அதன் அடிப்படைக் கேள்வி வெளியிலிருந்து வந்து போகிறவரின் கேள்வி. நம் இளைஞர் கேட்டதும் அதேதான். அவருக்குப் படி யாரும் தரப்போவதில்லை.

உள்ளே இருப்பவரிடம் கேட்டால் என்ன ஆகும்? நம் நாட்டுக் குறியீட்டில் 30 விழுக்காடு மதிப்பெண் குடிமக்கள் கருத்துக்கு. 2020 சனவரி முதல் மார்ச் வரை நடந்த அந்தக் கணிப்பில் 32 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அதில் முன்னால் வந்த ஊர்கள் புவனேசுவரம், சில்வாசா, தாவணகெரே, காக்கிநாடா, பிலாஸ்பூர், பாகல்பூர். ஒன்றுகூடப் பத்து லட்சம் பிரிவில் இல்லை. நடுத்தர ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி, நாளிதழ் படித்துக் கருத்துச் சொல்கிறவர்களைவிட நல்லவிதமாகவே நினைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே மாலை போட்டுக்கொள்ள வேண்டாம். பழகிப்போன குறை குறையாகத் தெரியாது. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. வயதானவர்களுக்கு மூட்டு மடங்கவில்லை. "எங்க ஊர் வாகு அப்படி" என்றுதான் சொல்லிவந்தார்கள். அந்த வாயிடம் 'உங்கள் குடிநீர் திருப்தியா?' என்று கேட்டு வாங்கும் மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதை மாற்ற வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம், ஜப்பான் கடனுதவி, மதிப்பு 1,928 கோடி ரூபாய்க்கு மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீர் வந்தது. நகரை ஒட்டிய ஊராட்சித் தெரு ஒன்றில் மாணவர்களுடன் படிவம் நிரப்பப் போயிருந்தேன். 'குடிநீர் இணைப்பு உண்டா: ஆம் / இல்லை' என்பது கேள்வி. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எந்தத் தண்ணியக் கேக்கற கண்ணு?" என்றார். ஒகேனக்கல் தண்ணி தனி, போர் தண்ணி தனி. முதலாவது குடிக்க, மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் குடம், சமையல்கட்டில். மற்றது வெளித்தொட்டியில், பாத்திரத்துக்கும் துணிக்கும். ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் போர் தண்ணியே உலைக்கும் போகும். எத்தனை நாளுக்கு ஒருமுறை அப்படி ஆகிறது என்பதுதான் அந்த வீட்டின் உண்மையான குடிநீர்த் தகவல். மாணவி 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். வேறென்ன செய்வார், மூன்றாவது கட்டம் இல்லையே.

அந்தத் தெரு நகராட்சிக்குள்ளும் இல்லை. என் முதன்மையான குறை இதுதான். தரவரிசைகள் உள்ளாட்சி எல்லைக்குள் நின்று அளக்கின்றன. தருமபுரி போன்ற ஊரோ எல்லைக்கு வெளியே வாழ்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே இலக்கியம்பட்டி ஊராட்சி மண்ணில்தான் எழுந்தது. புதுப் பேருந்து நிலையத்துக்குப் பார்த்த இடம் ஏ.ரெட்டிஅள்ளி. மனைப்பிரிவுகள் கிளம்புவது ஊராட்சிகளில். எல்லையை விரிப்போம் என்றால் வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்று கிராமசபையில் எழுந்து நிற்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் வரைபடத்தில் கோடு மட்டும் நகர்த்திப் பயனில்லை.

இன்னொரு பக்கம், இந்த 68,619 பேருக்கான ஊரைப் பயன்படுத்துகிறவர்கள் மாவட்டத்தின் 15,06,843 பேர். அவர்களில் நகர்ப்புறத்தினர் 17 விழுக்காடுதான். பட்டுக்கூடு விற்க வருகிறவர், பிரசவத்துக்கு வருகிறவர், ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிறவர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிற குடும்பம். இவர்களுக்கு ஊர் என்பது பேருந்து நிலையமும் அங்கிருக்கிற கழிப்பறையும் கடைசி பஸ்ஸும்தான். சென்னைக்கு ரயில் என்றால் பெரும்பாலும் மொரப்பூர் போயாக வேண்டும். 1906-இல் போட்ட மொரப்பூர்–தருமபுரி குறுகிய பாதையை 1941-இல் மூடினார்கள். 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு அடிக்கல் 2019-இல். எந்தக் குறியீட்டின் எந்த வரியில் இதை எழுதுவது?

பெயரைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2000-இல் இலக்கியம்பட்டியில் மாணவிகளோடு எரிக்கப்பட்ட பேருந்து, 2012-இல் நாயக்கன்கொட்டாய் அருகே எரிக்கப்பட்ட தலித் குடியிருப்புகள், அதற்கும் முன்பு பெண் சிசுக்கொலை. வெளியூர்க்காரர் நினைவில் தருமபுரி இப்படித்தான் பதிந்திருக்கிறது. அவதூறு என்று இதைத் தள்ள மாட்டேன், நடந்தவை. வாழத் தகுந்த ஊர் என்றால் யாருக்கு என்ற கேள்வியை எந்தச் சேரியும் கேட்கும். ஆனால் அதே மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001-இல் 826 பேர், 2011-இல் 913 பேர். பத்தாண்டில் இவ்வளவு ஏறியதை எந்தத் தலைப்புச் செய்தியும் தூக்கிப் பிடிக்கவில்லை. 2011-இல் மாநிலத்திலேயே குறைந்த எழுத்தறிவு, 68.54 விழுக்காடு, என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்நாளில் பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ரீடின் உதவியாளராக 1792 முதல் ஏழு ஆண்டுகள் இருந்த தாமஸ் மன்றோவுக்குத் தருமபுரி பிடித்திருந்தது. இங்கே தோட்டம் போட்டு வாழ்ந்தார். பட்டியல் பார்த்து வந்தவரல்ல அவர்.

நம் வாசகர்கள் பலர் நகரமைப்பு அலுவலகங்களிலும் நகராட்சிப் பொறியியல் பிரிவிலும் இருக்கிறீர்கள். தூய்மைக் கணக்கெடுப்பு வரும்போது படம் எடுத்து ஏற்றுவதில் எத்தனை இரவு போகிறது என்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு பங்கு நேரத்தை உங்கள் ஊரின் உண்மையான பரப்பை வரைவதற்குக் கொடுங்கள். டவுன் பஸ் போகும் கடைசி நிறுத்தம்வரை கோடு இழுங்கள், நகராட்சிக் கல்லோடு நிறுத்தாதீர்கள். அதற்குள் குழாயில் நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, அந்தத் தண்ணீரில் புளூரைடு எவ்வளவு, சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ பிரசவ வார்டுக்கு எத்தனை மணி நேரம், இரவு கடைசி பஸ் எப்போது. இவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் நாலு பேரும் போதும்.

2027 பிப்ரவரியில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. நிர்வாக எல்லைகளை 2025 இறுதியோடு உறையவைத்துவிட்டார்கள். கணக்கெடுப்பு முடிந்து புது எண் வரும்போது தருமபுரி எந்தப் பிரிவில் விழும் என்று தெரியவரும். அதற்குள் உங்கள் ஊரின் நோட்டை எழுதி அனுப்புங்கள். இந்த இதழின் பக்கங்களை அதற்காக ஒதுக்குகிறோம். மாற்றலில் போன அந்த இளைஞரிடமும் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்.