உலகம் அழிந்த பிறகும் ஒரே மேசையில் உட்கார முடியவில்லை

பழைய அறிவியல் புனைகதைப் படங்களை வரிசையாகப் பார்ப்பது என்று இந்த ஆண்டு எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு படம். 1985க்கு முன் வந்ததாக இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. சில வாரங்கள் போன பிறகு இன்னொரு விதியையும் சேர்த்தேன்: ஒவ்வொரு படத்திலும் குப்பை அள்ளுவது யார், சோறு பரிமாறுவது யார், யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று குறித்துவைக்க வேண்டும்.

"ரோபோ படத்திலுமா சாதியைத் தேடுவாய்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேட வேண்டிய தேவையே இல்லை. பாதிப் படங்களுக்குக் கதையே அதுதான்.

1927இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். மேலே வானளாவிய கட்டடங்கள், தோட்டங்கள், விளையாட்டரங்கம். கீழே இயந்திரங்கள். அதற்கும் கீழே, வெயில் படாத ஆழத்தில், தொழிலாளர் குடியிருப்பு. ஷிஃப்ட் மாறும்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையாக நடக்கும் காட்சி ஒன்று போதும், நூறாண்டு ஆகியும் அந்தப் படம் ஏன் சாகவில்லை என்று புரிந்துகொள்ள. ஊரும் சேரியும் பக்கவாட்டில் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதைச் செங்குத்தாக நிறுத்திவைத்தது போல் இருக்கும்.

ஆனால் முடிவு? முதலாளியும் தொழிலாளர்களின் மேஸ்திரியும் கைகுலுக்குகிறார்கள். முதலாளியின் மகன் நடுவில் நின்று சேர்த்துவைக்கிறான். மூளைக்கும் கைக்கும் இடையில் இதயம் வேண்டுமாம். சமூகத்தை ஓர் உடலாகக் காட்டும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. புருஷ சூக்தம் வாயையும் தோளையும் தொடையையும் காலையும் பங்கு போட்டுக் கொடுத்தது. அந்த உடலில் எங்குமே இடமில்லாதவர்களும் இருந்தார்கள். உடல் உவமையில் மேலே இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி: கை எந்தக் காலத்திலும் தலையாக முடியாது. சாதி பிரிப்பது வேலையை அல்ல, வேலை செய்யும் மனிதர்களை என்று அண்ணல் அம்பேத்கர் காட்டியதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கைகுலுக்கலைப் பாருங்கள், எரிச்சல் வரும். லாங்குக்கே அந்த முடிவு பிற்காலத்தில் பிடிக்கவில்லை. திரைக்கதை எழுதிய தியா ஃபான் ஹார்போ பின்னர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (பார்ப்பதானால் 2010இல் வந்த மீட்டெடுத்த பதிப்பைப் பாருங்கள். தொலைந்துபோனதாக நினைத்திருந்த காட்சிகள் 2008இல் புவனோஸ் ஐரெஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடைத்தன. கீறல் விழுந்து ஓடும் பகுதிகள் அவைதான்.)

என்னை அதிகம் உலுக்கியது, அதிகம் பேசப்படாத ஒரு படம். 1959இல் வந்த 'தி வேர்ல்ட், தி ஃபிளெஷ் அண்ட் தி டெவில்'. ஹாரி பெலஃபோன்டே நடித்தது. சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கறுப்பினத்தவர் சில நாள் கழித்து மேலே வருகிறார். கதிரியக்கத்தில் உலகம் காலியாகிக் கிடக்கிறது. நியூயார்க் போகிறார், தனியாளாக மின்சாரத்தை மீட்கிறார். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் உயிரோடு வந்து சேர்கிறாள்.

மொத்த நகரத்திலும் இரண்டே பேர். சட்டமில்லை, காவல்துறை இல்லை, சொந்தக்காரர் இல்லை. ஆனாலும் ஒரே கட்டடத்தில் குடியிருக்க அவர் சம்மதிக்கவில்லை; பார்த்தவர்கள் பேசுவார்களாம்! பேச்சுவாக்கில் தன் வெள்ளைத் தோலைப் பெருமையாகச் சொல்லும் ஒரு வழக்குத்தொடர் அவள் வாயில் வந்துவிடுகிறது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அவளுக்கு முடி வெட்டிவிடும் காட்சியில் அவர் கையில் இருக்கும் பதற்றத்தைப் பார்க்க வேண்டும். அவளுடைய பிறந்தநாளுக்கு விருந்து ஏற்பாடு செய்கிறார், மேசை போடுகிறார், பாடுகிறார், பரிமாறுகிறார். உட்காருங்கள் என்கிறாள் அவள். வாடிக்கையாளரோடு உட்கார அனுமதியில்லை என்று, தன்னையே மூன்றாம் மனிதராக வைத்துச் சொல்கிறார்.

அனுமதி மறுக்க உலகில் ஆளே இல்லை. ஆனாலும் மறுப்பு உயிரோடு இருக்கிறது. "இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சுவரை இடித்த பிறகும் சுவர் இருந்த இடத்தில் கால் தானாக நிற்கும்.

படம் அதற்கு மேல் துணியவில்லை. இருவரையும் நெருங்க விடவில்லை. ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து இடையில் நிறுத்துகிறது. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடப்பில் இருந்த காலம் அது. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதென்றது 1967இல்தான். உலக அழிவைக் காட்ட முடிந்த ஹாலிவுட்டால் ஒரு முத்தத்தைக் காட்ட முடியவில்லை.

'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒராங்குட்டான்கள் வேதமும் அதிகாரமும், கொரில்லாக்கள் படை, சிம்பன்சிகள் ஆராய்ச்சி. அறிவியல் அமைச்சரே மதத்தின் தலைமைக் காவலர். நம் ஊரில் இதைப் புனைகதை வரிசையில் வைக்கலாமா என்பதே கேள்வி. 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' விதவிதமான வேற்றுக்கோள் முகங்களைக் காட்டியது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸிடமிருந்து குரலை மட்டும் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு மதுக்கடையில் ரோபோக்களை உள்ளே விட மாட்டார்கள். அதைக் கேட்டு யாரும் முகம்கூடத் திரும்புவதில்லை.

1984இல் ஜான் செய்ல்ஸ் எடுத்த 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' வேறு ரகம். வேறு கோளிலிருந்து தப்பிய அடிமை நியூயார்க்கில் வந்து விழுகிறான். பார்க்கக் கறுப்பினத்தவன் போலவே இருப்பதால் ஹார்லெமில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனால் பேச முடியாது. பழுதான இயந்திரத்தைத் தொட்டால் சரியாகிவிடும். ரயிலில் ஒரு சீட்டுக்கட்டு வித்தைக்காரன், வெள்ளைக்காரர்களை எல்லாம் மறைய வைக்கிறேன் பார் என்கிறான். ஹார்லெமுக்கு முந்தைய நிறுத்தத்தில் அவர்கள் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தை. விண்கலத்துக்கும் வெடிகுண்டுக்கும் கொட்டிய கோடிகள் தராத அதிர்ச்சியை அந்த ஒரு நிறுத்தம் தந்துவிடுகிறது.

வருங்காலத்தைக் கற்பனை செய்யும்போது நம் ஆட்கள் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. பெரியாரின் 'இனி வரும் உலகம்' என்றால் சோதனைக் குழாய்க் குழந்தையையும் கைப்பேசியையும் முன்பே சொன்னார் என்று மீம் போடுகிறோம். அதைவிட முக்கியம், இழிவென்று ஒரு சாராரின் தலையில் கட்டிய வேலைகளை அந்த உலகில் யார் செய்வது என்று அவர் யோசித்தது. மனிதர்களை அதிலிருந்து விடுவிப்பதுதான் அவருக்கு இயந்திரத்தின் பயன். நிலவின் தென் துருவம் அருகே 2023இல் கலத்தை இறக்கிய நாட்டில், கையால் மலம் அள்ள ஆளை வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள் இன்னும் செய்தியில் வருகின்றன.

என் பட்டியலில் அடுத்தது 1974இல் வந்த 'ஸ்பேஸ் இஸ் தி பிளேஸ்'. ஜாஸ் கலைஞர் சன் ரா, கறுப்பின மக்களை இசையின் துணையோடு வேறொரு கோளுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார். போன இடத்தில் பாத்திரம் கழுவப்போவது யார் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.