மார்லி டி-ஷர்ட்டும் ஒரு கறுப்புப் பொட்டும்

போன ஞாயித்துக்கிழமை எங்க செட்டு கிளம்பிப் போனது திருமுக்கூடலுக்கு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேருற ஊர். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு பாஸ். 11-ஆம் நூற்றாண்டுலயே வேதம் படிச்ச பசங்களுக்கு ஹாஸ்டல், கூடவே 15 படுக்கையோட ஆஸ்பத்திரி! வைத்தியர், அறுவை செய்யறவர், மூலிகை கொண்டுவர்ற ஆள்னு எல்லாரையும் கணக்கு எழுதி வெச்சிருக்காங்க. (எங்க ஹாஸ்டல்ல தலைவலி மாத்திரை கேட்டாலே முறைப்பாங்க. அது தனிக் கதை.)

எங்க கேங்கில் ஒருத்தனுக்கு 'மார்லி'ன்னு பேர். வாரத்துல அஞ்சு நாள் பாப் மார்லி டி-ஷர்ட்தான். பய சந்நிதி முன்னாடி நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். பின்னாடி நின்ன என் கண்ணுல பட்டது அவன் குதிகால். ஒரு கறுப்புப் பொட்டு.

"என்னடா இது?"

"ஆணி மச்சி. ரெண்டு மாசமா இருக்கு. வலிக்கவே இல்ல, விடு."

அந்த 'வலிக்கவே இல்ல'தான் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா, அவன் டி-ஷர்ட்ல சிரிக்கிற மனுஷனோட கதை அப்படி. மார்லிக்கு வலது கால் கட்டை விரல்ல, நகத்துக்கு அடியில ஒரு புண். ஃபுட்பால் ஆடினப்ப பட்ட காயம்னு நினைச்சாங்க. 1977-ல டெஸ்ட் பண்ணா, மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள்ல வர்ற புற்றுநோய். விரலை எடுக்கச் சொன்னாங்க, அவர் சம்மதிக்கல. 1981 மே 11-ஆம் தேதி இறந்தப்ப வயசு 36.

வெயில்ல வெந்து போற வெள்ளைத் தோலுக்குத்தான் இது வரும்னு நானும் நினைச்சேன். நம்ம நிறத்துக்கு இது அபூர்வம்தான். ஆனா வந்தா, பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் உட்காருது. யாரு சார் தினமும் உள்ளங்காலைப் பார்க்கிறோம்?

பார்க்க வேண்டியது இதுதான். மச்சத்தை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சா ரெண்டு பாதியும் ஒத்துப்போகாம இருக்கும். ஓரம் கோணல்மாணல். ஒரே பொட்டுல பழுப்பு, கறுப்பு, நீலம்னு கலவை. பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பர் அளவை, அதாவது 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். சின்னதாவும் வரலாம். எல்லாத்தையும்விட முக்கியம், மாறிக்கிட்டே இருக்கிறது: வளரும், ரத்தம் கசியும், ஆறவே ஆறாது. நகத்துல கறுப்புக் கோடு நம்மள்ல பல பேருக்குச் சாதாரணம். ஒரே ஒரு நகத்துல புதுசா வந்து, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு இறங்கினா டாக்டர்கிட்ட ஓடிடணும். சீக்கிரம் பிடிச்சா வெட்டி எடுத்தே குணமாக்கிடலாம்.

மறுநாள் பயலைத் தோல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனோம். லென்ஸ் வெச்சுப் பார்த்தார், பிளேடால லேசா சுரண்டினார். பொட்டு உதிர்ந்தே போச்சு! ஷூ அழுத்தி உள்ளே உறைஞ்ச ரத்தமாம். மார்லி எங்களைப் பார்த்த பார்வை இருக்கே...

எனக்குத்தான் சிரிப்பு வரல. தாத்தா குழித்தறியில வெறுங்காலோட மிதி மிதிக்கிறவர். பாதத்துல 'ஆணி'ன்னு ஒரு வருஷமா பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டிருக்கார். அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்குப் போய், "தாத்தா, காலைக் காட்டுங்க"ன்னேன். "பெரியவங்க காலைச் சின்னப் பசங்ககிட்ட நீட்டக் கூடாதுப்பா"ன்னு மடக்கிக்கிட்டார். பிளாஸ்திரி ஓரத்துல கறுப்பு தெரியுது. புதன்கிழமை காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். தறியில பாதிப் புடவை நிக்குதாம், முடிச்சுட்டுத்தான் வருவேன்னு அடம்பிடிக்கிறார்.