பஸ்ஸில் ஏறினால் நின்றுவிடும் ஆட்டம்

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் நம் சொந்தபந்தங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வாசிக்க நேரமில்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், வாசித்துவிட்டதாக நம்பி நான் பிறகு கேள்வி கேட்பேன்.

போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தி, எனக்குத் தங்கச்சி முறை, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "டீச்சரக்காவுக்கு வீட்டுல இருந்தாத்தான் ஆடுமாம். பஸ்ல ஏறி ஊர் சுத்துனா ஒண்ணும் செய்யாதாம். நல்ல வியாதியா இருக்குல்லா?" சுற்றியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. வீட்டில் நின்றால் எனக்கு ஆடுகிறது, பஸ்ஸில் ஏறினால் நின்றுவிடுகிறது. ஆனால் அதிலிருந்து அவள் எடுத்த விடைதான் தப்பு. எல்லா வரியையும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் தப்பு விடை எழுதுகிற பிள்ளைகளை 34 வருடம் பார்த்தவள் நான். அந்தக் கணக்கைத் திருத்தாமல் என்னால் விட முடியாது.

2023 ஜனவரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பதினோரு பேர் அந்தமானுக்குக் கப்பலில் போனோம். போர்ட் பிளேருக்கு. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது. சென்னையிலிருந்து போக மூன்று நாள், வர மூன்று நாள். பதினோரு பேரில் வாந்தி எடுக்காதவர்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. அந்தப் பெருமையில் மற்றவர்களுக்கு எலுமிச்சம்பழம் அறுத்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

திரும்பிச் சென்னையில் இறங்கியதும் எல்லோருக்குமே தரை ஆடியது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்று இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியதும் எனக்குச் சுத்தமாக நின்றுவிட்டது. மறுநாள் அம்பையில் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே காலை வைத்தேன், தரை மறுபடி அசைந்தது. மற்ற பத்து பேருக்கும் இரண்டு நாளில் போய்விட்டது. எனக்கு இரண்டரை வருடமாகப் போகவில்லை.

எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தலை சுற்றாது. வீடு சுழலாது. கண் இருட்டாது. கட்டிப்போட்ட தோணிக்குள் நிற்பது போல இருக்கும். அடுப்படியில் நிற்கும்போது தரை மெதுவாக இடப்பக்கம் தாழும், பிறகு வலப்பக்கம் தாழும். படுத்தால் கட்டில் தோணியாகிவிடும். ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம். மறுநாளும் பன்னிரண்டு. கற்பனை இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்த்து ஆடுமா?

டாக்டர்களிடம் போன கதையைச் சுருக்கிவிடுகிறேன், எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். முதலில் பித்தம் என்றார்கள். பிறகு பிரஷர். பிறகு கழுத்தெலும்பு தேய்மானம் என்று ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள், கல்யாண வீட்டு போட்டோவில் எல்லாம் கழுத்துப் பட்டையோடு நிற்கிறேன். காது பார்த்தார்கள், மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்மா, சந்தோஷமா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே தலைசுற்றல் மாத்திரை, மூன்று வேளை.

அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டும். நம் ஊரில் தலை என்று வாயெடுத்தாலே ஒரே மாத்திரைதான். பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் குடும்பத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். சின்னாரிஸின், புரோகுளோர்பெராசின் வகை மாத்திரைகளை வயதானவர்கள் மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். அப்புறம் அந்த நடுக்கத்துக்கு வேறு டாக்டரைத் தேடிப் போவோம். படுக்கையில் புரளும்போது மட்டும் சில வினாடிகள் வீடே சுழல்கிறது என்றால், பெரும்பாலும் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கும். தலையை முறையாகத் திருப்பிப் படுக்கவைத்து அதைச் சில நிமிடங்களில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், எப்ளி முறை என்று பெயர். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. எழுந்து நின்றால் கண் இருட்டினால் அது ரத்த அழுத்தம் இறங்குகிற விஷயம். திடீரென்று தள்ளாட்டம் வந்து, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அது பக்கவாதமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. தமிழில் கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம், தலைசுற்றல் என்று தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறோம். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் 'தலைசுத்து' என்று ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவரும் பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், அவர் நிலைமையும் எனக்குத் தெரியும். ஆனால் "எனக்குப் பிடிபடவில்லை, வேறு ஒருவரைப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாதே.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐம்புலன் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! காது எதற்கு என்று கேட்டு, "கேட்பதற்கு" என்று பதில் வந்ததும் சரி போட்டிருக்கிறேன். பாதி மார்க்தான் கொடுத்திருக்க வேண்டும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவைதான் மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்த உறுப்பை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாரனி என்ற டாக்டருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு தலைமுறைக்கே அறிவியல் சொல்லிக் கொடுத்த எனக்கு இது 63 வயதில் சொந்தச் செலவில்தான் தெரிய வந்தது.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர். என் மகளைவிடச் சின்னப் பெண். கோப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, பஸ்ல கார்ல போறப்ப ஆட்டம் கூடுதா, குறையுதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்று நானாகவும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு கேள்வியில்தான் இந்த நோய் பிடிபடுகிறது. பிரெஞ்சு மொழியில் மால் டி டிபார்க்மென்ட் என்று பெயர், கப்பலை விட்டு இறங்கியதால் வரும் நோய் என்று அர்த்தம். கப்பல், விமானம், நீண்ட வண்டிப் பயணம் எதற்குப் பிறகும் வரலாம். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம். பாரனி பெயரிலேயே இருக்கும் உலக மருத்துவர் சங்கம் 2020இல் இதற்கு அடையாளங்களை வகுத்திருக்கிறது. பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆட்டம் தொடங்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்க வேண்டும், மறுபடி வண்டியில் போகும்போது தற்காலிகமாகக் குறைய வேண்டும். கடைசி அடையாளத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். பந்தியில் என்னைப் பொய்க்காரி ஆக்கிய அதே விஷயம்தான் டாக்டர்களின் புத்தகத்தில் நான் சொல்வது உண்மை என்பதற்கு அடையாளமாக இருக்கிறது.

ஏன் அப்படி? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கப்பல் ஆட ஆட, மூளை அந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு, அதற்கு எதிராக உடம்பைச் சமன் செய்யக் கற்றுக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் அந்தப் பாடத்தை மறக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் மறந்துவிடும், எனக்கு மறக்கவில்லை. வண்டி ஆடும்போது மூளை எதிர்பார்க்கிற ஆட்டம் நிஜமாகவே கிடைத்துவிடுவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன, நிம்மதி. வண்டி நின்றதும் பழையபடி. ஸ்கேனில் தெரியாது என்பதும் இதனால்தான். எங்கேயும் உடைப்பு இல்லை, கற்றுக்கொண்ட பாடம்தான் தப்பு. படம் எடுத்தால் பாடம் தெரியுமா?

"எல்லாம் மனசுலதான் இருக்கு" என்பவர்களுக்கு ஒன்று. கவலைப்பட்டால், தூக்கம் கெட்டால் ஆட்டம் கூடுகிறது, மறைக்கவில்லை. கவலைப்பட்டால் சர்க்கரையும்தான் கூடுகிறது. அதற்காக உங்கள் சர்க்கரையைக் கற்பனை என்று நான் எந்தப் பந்தியிலாவது சொன்னேனா?

இவ்வளவு பேசுகிற எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால், "டீச்சர், எழுத்து ஆடுது" என்பான். சாக்குச் சொல்கிறான் என்று உள்ளங்கையில் ஸ்கேலால் போட்டேன், ஒரு தடவை அல்ல. ஏழாம் வகுப்பில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்று, "இப்ப ஆடல டீச்சர்" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவனும் இந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று நினைக்கிறேன். தம்பி, நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும்.

வைத்தியம் என்ன என்று கேட்பீர்கள். இதுதான் மருந்து என்று நிச்சயமாகக் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மிங்ஜியா டாய் என்பவரும் அவர் குழுவும் 2014இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கண் முன்னால் கோடுகளை நகரவிட்டு, தலையை இடம் வலமாகச் சாய்த்துச் சாய்த்து, மூளைக்குப் பழைய பாடத்தை மறக்கடிக்கிறார்கள். 24 பேரில் 17 பேருக்கு முழுதாகவோ பெருமளவோ குணம் தெரிந்து, சராசரியாக ஒரு வருடம் நிலைத்தது. ஆறு பேருக்குக் குறைந்து மறுபடி வந்தது, ஒருவருக்குப் பலனே இல்லை. நான் நியூயார்க் போகப்போவதில்லை. மதுரை டாக்டர் சொன்ன சமநிலைப் பயிற்சிகளைச் செய்கிறேன். தலைசுற்றல் மாத்திரையையும் கழுத்துப் பட்டையையும் அவர்தான் நிறுத்தச் சொன்னார். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மற்றபடி எனக்குப் பிடிபட்டவை இவ்வளவுதான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் நடப்பதில்லை. செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவையும் நோட்டில் எழுதினேன், பேத்திதான் டைப் அடிக்கிறாள். நடுவில் அவளாக ஏதாவது சேர்த்திருந்தால் எனக்குப் பொறுப்பில்லை. வீட்டில் ஊஞ்சல் இருக்கிறது. நானே காலால் உந்தி ஆடினால் அவ்வளவு பலன் இல்லை, அவள் ஆட்டிவிட்டால் கொஞ்சம் அடங்குகிறது. புதன்கிழமை காலையில் அம்பையிலிருந்து பாபநாசம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய், தாமிரபரணியைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன். அதைத்தான் ஊர் சுற்றுவது என்கிறார்கள். ஓசி டிக்கெட் என்கிறார்கள். ஆமாம், ஓசிதான். 2021லிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. எந்த மாத்திரையும் தராத ஒரு மணி நேர நிம்மதியை எனக்கு அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, அது அவர்களுக்கே தெரியாது. இறங்கியதும் ஆட்டம் திரும்ப வரும், சில நாள் கூடுதலாகவே வரும். தெரிந்துதான் ஏறுகிறேன்.

சொந்தக்காரர்கள் தயவுசெய்து பார்க்கும்போதெல்லாம் "இன்னுமா சரியாகல?" என்று கேட்காதீர்கள். சரியானால் நானே இங்கே போடுவேன், அன்றைக்கு எல்லோருக்கும் அல்வா. இஞ்சிச் சாறு, கறிவேப்பிலைப் பொடி, காதில் எண்ணெய், இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் நிறுத்துங்கள். காதில் எண்ணெய் விடுவதை யாருக்குமே அனுப்பாதீர்கள். ஆவணியில் வருகிற கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். மேடையில் நிற்கச் சொல்லாதீர்கள், சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டால் போதும்.

பந்தியில் பேசின தங்கச்சியும் இதை வாசிப்பாள், எனக்குத் தெரியும். உன் மேல் கோபம் ஓரளவு தீர்ந்துவிட்டது. வருகிற புதன்கிழமை எட்டரை பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்கு வா. உனக்கும் சேர்த்து ஜன்னலோர சீட் பிடித்து வைக்கிறேன். திரும்பி வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள், என்ன நடக்கிறது என்று நீயே பார்.